முந்திரிக்கு விழுந்த பழி: நீரிழிவு உணவில் கொட்டைப் பருப்புகளின் இடம்

நீரிழிவு உள்ளவர்கள் விலக்க வேண்டிய உணவுகளின் பட்டியலில், சர்க்கரைக்கும் கிழங்குக்கும் மாம்பழத்துக்கும் அடுத்தபடியாக முந்திரிப் பருப்பும் நெடுங்காலமாக இடம்பெற்று வந்திருக்கிறது. கொழுப்பு மிகுந்தது, உடல் எடையைக் கூட்டுவது, இதயத்துக்கு ஆகாதது என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க முனைந்த சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவர் வி. மோகனும் அவர் குழுவினரும், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 300 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, இரு பிரிவினருக்கும் வழக்கமான நீரிழிவு உணவு அறிவுரையையே வழங்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் நாள்தோறும் 30 கிராம் உப்பிடாத முந்திரியைக் கூடுதலாகக் கொடுத்து 12 வாரங்கள் கவனித்தனர். 2018இல் ‘ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷன்’ இதழில் வெளியான முடிவுகளின்படி, முந்திரி உண்டவர்களுக்கு எடை கூடவில்லை, இரத்தச் சர்க்கரையும் ஏறவில்லை. நாளங்களில் தேங்கும் கொழுப்பைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுசெல்வதால் ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல். அவர்களிடம் சற்றே உயர்ந்திருந்தது. இதயம் சுருங்கும்போது நாளச் சுவர்களில் விழும் மேல் அளவு இரத்த அழுத்தம் சராசரியாக 4.9 புள்ளி இறங்கியிருந்தது. முந்திரி உண்ணாதவர்களிடம் அந்த இறக்கம் 1.7 புள்ளிதான்.

முந்திரியின் மீதான பழியைத் துடைக்க இந்த முடிவு போதுமானது. ஆயினும் இதே ஆய்வின் மற்றொரு செய்தியைப் பலர் கவனிக்காமல் விட்டுவிட்டனர்: இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. அதாவது, முந்திரி சர்க்கரையை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. வழக்கமான உணவோடு கூடுதலாகச் சேரும்போது இப்படி இருக்கும் கொட்டைப் பருப்பு, உணவில் வேறொன்றை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் அமரும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதே இந்தப் பொருளில் கேட்கப்பட வேண்டிய முதன்மையான கேள்வி. ‘சாப்பிடலாமா, கூடாதா’ என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வதால்தான் ஒரு சாராரிடம் தேவையற்ற அச்சமும் இன்னொரு சாராரிடம் அளவற்ற நம்பிக்கையும் வளர்ந்திருக்கின்றன.

கொட்டைப் பருப்பு என்று இங்கே குறிக்கப்படுபவை, நகர வழக்கில் ‘நட்ஸ்’ எனப்படும் பாதாம், முந்திரி, பிஸ்தா, அக்ரூட் ஆகியவையும் வேர்க்கடலையும் ஆகும். குழம்புக்கு இடும் துவரை, பாசிப் பருப்புகள் இதில் அடங்கா. தாவரவியல் வகைப்பாட்டில் வேர்க்கடலை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும், கொழுப்பு, புரதம், மாவுச்சத்து ஆகியவற்றின் விகிதத்தில் அது துவரையைவிடப் பாதாமையே பெரிதும் ஒத்திருப்பதால், உணவியலார் அதைக் கொட்டைப் பருப்புகளோடு சேர்த்தே எண்ணுகின்றனர். மணிலா, நிலக்கடலை, மல்லாட்டை என்று ஊருக்கொரு பெயர் தாங்கிய இந்த எளிய கடலைக்கு இக்கட்டுரையின் பிற்பகுதியில் பெரிய இடம் உண்டு.

மாவுச்சத்தின் சுமை

உணவிலுள்ள மாவுச்சத்து செரிமானத்தின் முடிவில் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் என்னும் இயக்குநீர் அந்தக் குளுக்கோஸைத் தசைக்கும் பிற உயிரணுக்களுக்கும் உள்ளே அனுப்பி வைக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் சுரந்தும் உயிரணுக்கள் அதன் சொல்லுக்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. ‘இன்சுலின் எதிர்ப்பு’ எனப்படும் இந்நிலையை ஈடுகட்ட மேலும் மேலும் சுரந்து ஓயும் கணையம் காலப்போக்கில் தளர்ந்துபோக, குளுக்கோஸ் இரத்தத்திலேயே தேங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ‘இந்தியாப்’ ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் மேலும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருக்கின்றன. புதுச்சேரியில் மட்டும் வயது வந்தோரில் 26.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது.

இந்தியர்கள் பெறும் கலோரியில், அதாவது உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில், ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்பதை இதே ஆய்வுத் தொடர் பின்னர் எடுத்துக்காட்டியது. தென்னிந்தியாவில் அதன் பெரும்பங்கு தீட்டிய வெள்ளை அரிசியுடையது. காலையில் இட்லி, நண்பகலில் சோறு, மாலையில் முறுக்கோ பிஸ்கட்டோ, இரவில் தோசை என்று வடிவம் மாறினாலும் உள்ளிருக்கும் சரக்கு ஒன்றுதான். 18,090 பேரின் உணவுத் தரவுகளை வைத்து 2022இல் இக்குழுவினர் செய்த கணக்கீடு, புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்கள் மாவுச்சத்தின் பங்கை 49 முதல் 54 விழுக்காடு வரை இறக்கி, புரதத்தை 19 அல்லது 20 விழுக்காட்டுக்கு உயர்த்தினால், நோய் தணியும் வாய்ப்பு உண்டு என்று காட்டியது. சோற்றைக் குறை என்று சொல்வது எளிது. குறைத்த இடத்தில் எதை வைப்பது என்று சொல்லாமல் விட்டால், அந்த அறிவுரை ஒரு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை. பசி அதை வென்றுவிடும்.

கொட்டைப் பருப்புகள் பொருந்தி வரும் இடம் இதுதான். 100 கிராம் பாதாமில் ஏறத்தாழ 50 கிராம் கொழுப்பும் 21 கிராம் புரதமும் 12 கிராமுக்குச் சற்று மேலான நார்ச்சத்தும் உள்ளன. வேர்க்கடலையில் புரதம் இன்னும் கூடுதலாக, ஏறத்தாழ 26 கிராம் இருக்கிறது. அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி, நெய்யிலும் தேங்காயிலும் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பாக அல்லாமல், அறை வெப்பத்தில் எண்ணெயாகவே நிற்கும் நிறைவுறாக் கொழுப்பாக இருக்கிறது. முந்திரியில் மட்டும் மாவுச்சத்து சற்று மிகுதி, 100 கிராமுக்கு ஏறத்தாழ 30 கிராம். அக்ரூட்டில் அதில் பாதியும் இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 30 கிராம் பாதாம் தரும் ஆற்றல் அட்டவணைப்படி 170 கலோரிக்குச் சற்று மேல். அதே ஆற்றல் 130 முதல் 135 கிராம் வரையிலான வெந்த சோற்றில் கிடைக்கிறது. அந்தச் சோற்றில் செரித்துக் குளுக்கோஸாகும் மாவுச்சத்து 36 கிராமுக்குக் குறையாது. பாதாமில் நார்ச்சத்தைக் கழித்துவிட்டால் 3 கிராம்கூட எஞ்சாது. ஆற்றல் சமமாக இருக்கையில் இரத்தத்துக்குள் இறங்கும் சர்க்கரையின் சுமை பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடுகிறது என்றால், இதில் மாயம் ஏதும் இல்லை, கூட்டல் கழித்தல்தான்.

டொராண்டோவில் நடந்தது

மாற்று உணவாகக் கொட்டைப் பருப்பை வைத்துப் பார்த்த ஆய்வுகளில் தெளிவானது கனடாவின் டொராண்டோவில் நடந்தது. 1921இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட நகரம் அது. ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாகவும் எவ்வளவு உயரமாகவும் ஏற்றுகிறது என்பதை அளவிடும் ‘கிளைசீமிக் குறியீடு’ என்னும் கருத்தை டேவிட் ஜென்கின்ஸ் 1981இல் முன்வைத்ததும் அங்கேதான். ஜென்கின்ஸ் குழுவினர் மாத்திரை உட்கொண்டுவந்த 117 நீரிழிவு நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 கிராம் கலப்புக் கொட்டைப் பருப்புகளையும், இன்னொரு பிரிவினருக்கு அதே ஆற்றல் தரும் முழுக் கோதுமை மஃபினையும், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டிலும் பாதிப் பாதியையும் கொடுத்து மூன்று மாதங்கள் தொடர்ந்தனர். மஃபின் என்பது அங்கு காலை உணவாகும் ஒரு வகைக் கேக் ரொட்டி; இந்தச் சோதனைக்கென நல்ல முழுத்தானியத்தால் செய்யப்பட்டது.

2011இல் ‘டயாபடீஸ் கேர்’ இதழில் வெளியான முடிவு, எச்பிஏ1சி என்னும் அளவை அடிப்படையாகக் கொண்டது. சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்பதைக் காட்டும் இந்தச் சோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையை வெளிப்படுத்துவதால், வெறும் வயிற்றில் ஒரு நாள் எடுக்கும் அளவைவிட நம்பகமானது. முழுப் பங்கு கொட்டைப் பருப்பு உண்டவர்களிடம் அது 0.21 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. மற்ற இரு பிரிவினரிடமும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நாளங்களில் படிந்து அடைப்பை உண்டாக்கும் எல்.டி.எல். கொழுப்பும் பருப்பு உண்டவர்களிடம் இறங்கியது. சென்னையில் அசையாத சர்க்கரை டொராண்டோவில் அசைந்ததற்கு அளவு வேறுபாடு ஒரு காரணம். கோதுமை வெளியேறிய இடத்தில் பருப்பு அமர்ந்தது அதனினும் பெரிய காரணம்.

0.21 என்பது சிறிய எண் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலானோர் முதலில் எடுத்துக்கொள்ளும் மெட்ஃபார்மின் மாத்திரை தனியாகவே ஒரு விழுக்காட்டுப் புள்ளி அளவுக்கு எச்பிஏ1சியைக் குறைக்கக்கூடியது. 450 பேரை உள்ளடக்கிய 12 சோதனைகளைத் தொகுத்து 2014இல் செய்யப்பட்ட பகுப்பாய்வில் கொட்டைப் பருப்புகளால் வந்த சராசரிக் குறைவு வெறும் 0.07 என்று அமைந்தது. ஆகவே, காலையில் ஊறவைத்த பாதாம் நான்கைத் தின்றுவிட்டு மாத்திரையைக் கைவிடுபவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். நான்கு பாதாம் என்பது ஐந்து கிராம்கூட இராது, எந்த ஆய்விலும் அவ்வளவு குறைந்த அளவு எதையும் நிறுவியதில்லை.

இந்தியாவில் உண்ணும் நேரத்தை மாற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. டெல்லியில் சீமா குலாட்டி, அனூப் மிஸ்ரா குழுவினர், நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்த 60 பேரில் பாதிப் பேருக்கு மூன்று வேளை உணவுக்கும் அரை மணி நேரம் முன்பாக 20 கிராம் பாதாம் கொடுத்துவந்தனர். மூன்று மாத முடிவில் அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்தது. கொழுப்பும் நாரும் முன்னதாக வயிற்றில் இறங்கிவிடுவதால் இரைப்பை மெல்லக் காலியாகி, பின்னால் வரும் சோற்றின் குளுக்கோஸ் ஒரே பாய்ச்சலாக இரத்தத்தில் இறங்காமல் தணிந்து வருவதே இதன் இயக்கம் என்று கருதப்படுகிறது. இந்த ஆய்வுக்குப் பொருளுதவி செய்தது கலிபோர்னியப் பாதாம் வாரியம் என்பதையும் வாசகர் அறிந்திருப்பது நல்லது. கொட்டைப் பருப்பு ஆய்வுகள் பலவற்றின் பின்னால் விளைவிப்போர், விற்போர் அமைப்புகளின் பணம் இருக்கிறது. அதனால் அவை பொய்யாகிவிடுவதில்லை, எனினும் சிறிய நன்மைகளைப் பெரிய தலைப்புகளில் பரப்பும் ஆர்வம் எங்கிருந்து வருகிறது என்பது அதனால் புரியும்.

இதயத்தின் கணக்கு

நீரிழிவு உள்ளவர்களின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது மாரடைப்பும் பக்கவாதமுமே ஆகையால், சர்க்கரை அளவை மட்டும் பார்த்து ஓர் உணவை எடைபோடுவது குறையுடைய எடை. கொட்டைப் பருப்புகளின் மெய்யான வலிமை இதயத்தின் பக்கம்தான் இருக்கிறது என்று இதுவரை கிடைத்துள்ள சான்றுகள் சொல்லுகின்றன.

இந்த வரலாறு கலிபோர்னியாவில் தொடங்குகிறது. புகை, மது இரண்டையும் விலக்கி, பெரும்பாலும் மரக்கறி உண்டு வாழும் அட்வென்டிஸ்ட் கிறித்தவர்களில் ஏறத்தாழ 31,000 பேரைத் தொடர்ந்து கவனித்துவந்த லோமா லிண்டா பல்கலைக்கழகத்தின் கேரி ஃபிரேசர், வாரத்தில் நான்கு முறைக்கு மேல் கொட்டைப் பருப்பு உண்டவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாக இருப்பதை 1992இல் வெளியிட்டார். கொழுப்பு என்ற சொல்லே அச்சமூட்டிய காலம் அது. எனவே அதே பல்கலைக்கழகத்தின் ஜோன் சபாத்தே மறு ஆண்டே அக்ரூட்டைக் கொண்டு நேரடிச் சோதனை நடத்தி, கொலஸ்டிரால் இறங்குவதைக் காட்டினார். பின்னர் 25 சோதனைகளின் தரவுகளை அவர் தொகுத்தபோது, நாளொன்றுக்குச் சராசரியாக 67 கிராம் கொட்டைப் பருப்பு உண்டதில் எல்.டி.எல். 7.4 விழுக்காடு குறைந்திருந்தது.

நீரிழிவு உள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினுடையது. அமெரிக்கச் செவிலியரையும் மருத்துவத் துறையினரையும் பல பத்தாண்டுகளாகப் பின்தொடரும் இரு ஆய்வுகளிலிருந்து நீரிழிவு வந்த 16,217 பேரின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட அக்கட்டுரை, மாதம் ஒரு முறைகூட உண்ணாதவர்களோடு ஒப்பிட வாரம் ஐந்து முறையோ அதற்கு மேலோ, முறைக்கு 28 கிராம் வீதம் உண்டவர்களுக்கு இதய நாள நோய் 17 விழுக்காடும், அந்நோயால் ஏற்படும் இறப்பு 34 விழுக்காடும் குறைந்திருந்ததைக் காட்டியது. நோய் வந்த பிறகு இப்பழக்கத்தைத் தொடங்கியவர்களுக்கும் பலன் தெரிந்தது என்பது இதில் ஊக்கம் தரும் செய்தி. மரக்கொட்டைகளைவிட வேர்க்கடலையின் தொடர்பு இந்த ஆய்வில் வலுக்குறைந்து தெரிந்தது என்பதும் உண்மை; அமெரிக்கர் வேர்க்கடலையை உப்பும் சர்க்கரையும் சேர்ந்த வடிவங்களில் உண்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஃபிரேசருடையதும் ஹார்வர்டினுடையதும் கவனிப்பு ஆய்வுகள். பருப்பு உண்பவர் பொதுவாக நடைப்பயிற்சி செய்பவராகவும் புகைக்காதவராகவும் வசதி உடையவராகவும் இருப்பதால், பலன் பருப்பினுடையதா வாழ்க்கை முறையினுடையதா என்று முழுமையாகப் பிரித்தறிய இயலாது. அந்த ஐயத்தைத் தீர்க்க முயன்றது ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடத்தப்பட்ட ‘பிரெடிமெட்’ சோதனை. பங்கேற்றவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானோர் நீரிழிவு உள்ளவர்கள். 15 கிராம் அக்ரூட்டும் ஏழரை கிராம் பாதாமும் ஏழரை கிராம் ஹேசல்நட்டும் கலந்த 30 கிராம் பருப்பை மத்தியதரைக்கடல் பகுதி உணவோடு தினமும் உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் இறப்பு ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன என்று 2013இல் அறிவிக்கப்பட்டது. சில மையங்களில் குலுக்கல் முறை சரியாகப் பின்பற்றப்படவில்லை என்பது பின்னர் தெரியவந்தபோது ஆய்வாளர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்று, தரவுகளை மறுபடி ஆராய்ந்து 2018இல் மீண்டும் வெளியிட்டனர். முடிவு ஏறத்தாழ அப்படியே நின்றது. அறிவியல் தன் பிழையைத் திருத்திக்கொண்ட விதத்துக்காகவே இச்சோதனை மதிக்கத் தக்கது.

இந்தியர்களின் இரத்தத்தில் எச்.டி.எல். தாழ்ந்தும் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு உயர்ந்தும் காணப்படுவது வழக்கம். மிகுந்த மாவுச்சத்து டிரைகிளிசரைடை ஏற்றுவது இதற்கு ஒரு காரணம். சென்னை ஆய்வில் எச்.டி.எல். கூடியது 1.7 மில்லிகிராம் என்ற சிறு அளவே ஆனாலும், உயர்த்துவதற்கு எளிதில் வழியில்லாத ஒன்று உணவால் உயர்ந்தது என்ற வகையில் அதற்கு மதிப்பு உண்டு.

எடை கூடாததன் மர்மம்

இத்தனை கொழுப்புள்ள பொருளைத் தினமும் உண்டும் எடை கூடாதது எப்படி என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் கிடைத்துள்ளன. பருப்பு வயிற்றில் நெடுநேரம் நின்று பசியைத் தாமதப்படுத்துவதால் அடுத்த வேளை உணவு தானாகக் குறைகிறது என்பது முதலாவது. இரண்டாவது விடை சுவையானது. பருப்பின் எண்ணெய், உறுதியான உயிரணுச் சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. மெல்லும்போது உடையாத சுவர்களுக்குள் இருக்கும் எண்ணெய் குடலால் உறிஞ்சப்படாமல் கழிவோடு வெளியேறிவிடுகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் 2012இல் இதை அளந்து பார்த்தபோது, 28 கிராம் பாதாம் தருவதாக அட்டவணைகள் சொல்லிய 170 கலோரிக்குப் பதில் உடலுக்குக் கிடைத்தது 129 கலோரிதான் என்று கண்டனர். அக்ரூட்டிலும் முந்திரியிலும் இவ்வாறான குறைவு பின்னர் உறுதியாயிற்று.

இதில் தமிழ்ச் சமையலுக்கு ஒரு எச்சரிக்கை மறைந்திருக்கிறது. பாதாமை வெண்ணெய்போல் விழுதாக அரைத்துவிட்டால் சுவர்கள் எல்லாம் உடைந்து முழுக் கலோரியும் கிடைத்துவிடுகிறது என்று அதே துறையினர் 2016இல் காட்டினர். குருமாவுக்கு முந்திரியை ஊறவைத்து மைய அரைத்து ஊற்றும் முறையிலும், பாதாம் பாலிலும், கடையில் விற்கும் கடலை வெண்ணெயிலும் இந்தச் சலுகை கிடைக்காது என்றே கொள்ள வேண்டும். பல்லில்லாத முதியவர்களுக்கு அரைத்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்; அங்கே அளவைக் குறைத்துக்கொள்வதே வழி.

முந்திரிக்குக் கெட்ட பெயர் வந்த வரலாறும் சமையலறையில்தான் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த இந்த மரம் பண்ருட்டிச் செம்மண்ணில் வேரூன்றி ஊருக்கே தொழிலாகிவிட்டபோதிலும், தமிழர் வீடுகளில் முந்திரி தனியாக உண்ணப்படுவது அரிது. நெய்யில் வறுபட்டுச் சர்க்கரைப் பொங்கலிலும் கேசரியிலும் பாயசத்திலும் மிதக்கிறது. கடலைமாவில் தோய்ந்து பக்கோடாவாகிறது. சர்க்கரைப் பாகில் இறுகிக் கத்லியாகிறது. இவற்றை உண்டபின் ஏறிய சர்க்கரைக்கு, தட்டில் கண்ணுக்குத் தெரிந்த முந்திரி பழி சுமந்ததே தவிர, கரைந்து மறைந்த வெல்லமும் குழைந்த அரிசியும் தப்பித்துக்கொண்டன. கடலை மிட்டாய்க்கும் இதே நீதி பொருந்தும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயின் சுவையில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் கடலையின் நன்மையைக் காட்டி அதிலுள்ள வெல்லப் பாகை நீரிழிவு உணவுக்குள் நுழைய விட முடியாது. வெல்லம் இயற்கையானது என்ற சமாதானத்தை இரத்தச் சர்க்கரை ஏற்பதில்லை.

ஏழையின் பாதாம்

கொட்டைப் பருப்பு பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் இறக்குமதிப் பாதாமையும் காஷ்மீர் அக்ரூட்டையும் பிஸ்தாவையும் முன்னிறுத்தியே எழுதப்படுகின்றன. மாதச் சம்பளத்தில் மருந்துக்கே தனித்தொகை ஒதுக்க வேண்டியிருக்கும் குடும்பத்தால் அவற்றைத் தினமும் 30 கிராம் வாங்குவது நடவாத காரியம். வேர்க்கடலையின் கிளைசீமிக் குறியீடு 15ஐ ஒட்டியது. புரதத்தில் அது பாதாமை மிஞ்சுகிறது. விலையில் சிறு பங்கு. 83,000க்கும் மேற்பட்ட பெண்களை 16 ஆண்டுகள் தொடர்ந்த ஹார்வர்டு ஆய்வொன்று, வாரம் ஐந்து முறையோ அதற்கு மேலோ கொட்டைப் பருப்பு உண்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 27 விழுக்காடு குறைந்திருந்ததையும், கடலை வெண்ணெய் அந்த அளவுக்கு உண்டவர்களுக்கும் 21 விழுக்காடு குறைந்திருந்ததையும் 2002இல் பதிவு செய்தது. விலையுயர்ந்த பருப்பு வாங்க முடியாதவர்கள் எதையும் இழந்துவிடவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தமிழ்நாட்டில் வேர்க்கடலையை உண்ணும் வழிகளில் தோலோடு உப்பிட்டு வேகவைப்பதும் மணலில் வறுப்பதும் பழையவை. வேகவைத்த கடலை நீரை உறிஞ்சிப் பருத்துவிடுவதால் அதே எடைக்கு ஆற்றல் குறைவு, வயிறும் விரைவில் நிறைகிறது. உப்பை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் நீரிழிவு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருக்கும். காலை உணவில் நான்கு இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி என்பதை இரண்டு இட்லியும் தாராளமான வேர்க்கடலைச் சட்னியும் என்று மாற்றுவது, மாலை நேரத்து முறுக்கையும் பிஸ்கட்டையும் தள்ளிவிட்டு ஒரு கைப்பிடி வறுத்த கடலையை வைப்பது, எலுமிச்சைச் சோற்றில் சோற்றைக் குறைத்துக் கடலையையும் கூடவே காய்கறியையும் கூட்டுவது ஆகியவை ஆய்வகத்துக்கு வெளியே செய்யத்தக்க மாற்றங்கள். 30 கிராம் என்பது பாதாமில் 25 எண்ணிக்கைக்கும் முந்திரியில் ஏறத்தாழ 20 எண்ணிக்கைக்கும் கடலையில் ஒரு கைப்பிடிக்கும் பொருந்தி வரும். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன் அமர்பவர்களுக்கு இந்த அளவு நிற்காது. எடுத்துவைத்துவிட்டு மூடுவதே நல்லது.

கடலையில் கவனிக்க வேண்டிய ஆபத்து பூஞ்சை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, அவற்றுக்குத் தீவனமாக இடப்பட்ட பிரேசில் கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சே கொன்றது என்று கண்டறியப்பட்டு, அதற்கு அஃப்லடாக்சின் என்று பெயரிடப்பட்டது. ஈரத்தில் கிடந்த கடலையில் உண்டாகும் இந்த நஞ்சு கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுமையாக அழிவதில்லை. சுருங்கியவை, நிறம் மாறியவை, காறல் அடிப்பவை ஆகியவற்றைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும்.

யார் விலக வேண்டும்

கடலைக்கோ மரக்கொட்டைகளுக்கோ ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இக்கட்டுரையின் எந்தப் பரிந்துரையும் பொருந்தாது. நெடுநாள் நீரிழிவு சிறுநீரகத்தைத் தாக்கியவர்களுக்கும் நிலைமை வேறு. கொட்டைப் பருப்புகளில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் மிகுந்திருப்பதால், வடிகட்டும் திறன் குறைந்த சிறுநீரகத்தால் அவற்றை வெளியேற்ற இயலாமல் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். பாதாமிலும் முந்திரியிலும் ஆக்சலேட் என்னும் உப்பு இருப்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்களும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

இன்சுலின் ஊசி போடுபவர்களும், கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உண்பவர்களும் சோற்றைக் குறைக்கும்போது மருந்தின் அளவையும் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளாவிட்டால், சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிட இடமுண்டு. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டல் ஆகியவற்றோடு குளுக்கோமீட்டர் 70க்குக் கீழே காட்டினால், அப்போது பாதாமையோ கடலையையோ வாயிலிடுவது பயன் தராது. சர்க்கரையை மெதுவாக ஏற்றுகிறது என்று இதுவரை போற்றப்பட்ட அதே பண்பு அந்த நேரத்தில் ஆபத்தாகிவிடும். 15 கிராம் குளுக்கோஸ் தூளையோ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ நீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். அளவு 70ஐத் தாண்டிய பிறகே சிற்றுண்டியும் அதோடு கொட்டைப் பருப்பும் எடுத்துக்கொள்ளலாம்.